டெஸ்மண்டின் கணுக்கால்

ஜனவரி வந்தால் எனக்குக் கோபம் வருகிறது. அமெரிக்க ஃபுட்பாலில் தோற்ற அணிகள் எல்லாம் சீசன் முடிந்து வீட்டுக்குப் போயிருக்கும். டி.வி.யில் கோட் போட்ட நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, “இந்த அணி ஆஃப் சீசனில் பாஸ் ரஷ்ஷைச் சரிசெய்தே ஆகவேண்டும்” என்பார்கள். சமையலறையில் ஒழுகுகிற குழாயைச் சரிசெய்வது மாதிரி. நான் டி.வி.யைப் பார்த்துத் திட்டுவேன்.

“அவனுக்குக் கேக்கப்போவுதா வசந்தா? பக்கத்து வூட்டுக்காரனுக்குத்தான் கேக்குது” என்பார் என் கணவர்.

இந்த ஜனவரியில் நிவேதா ஃபோன் செய்தாள். என்னைப்போலக் கோயமுத்தூரில் பிசியோதெரபி படித்தவள். இப்போது ஃப்ரீமான்ட்டில் இருந்துகொண்டு அந்தப் பக்கத்து ஃபுட்பால் அணி ஒன்றில் வேலை பார்க்கிறாள்.

“அக்கா, இங்க மீட்டிங்னாலே பாஸ் ரஷ், பாஸ் ரஷ்னு உயிரை எடுக்கறாங்க. ரிஹாப் சைடுல இருந்தும் ஒரு ஆஃப் சீசன் பிளான் ரெடி பண்ணுன்னுட்டாங்க. நீங்க இத்தனை வருஷம் பண்ணியிருக்கீங்க. என்னதான் பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ணாம இருந்தாலே பாதி சரியாயிடும்.”

“ஜோக் அடிக்காதீங்கக்கா.”

நான் ஜோக் அடிக்கவில்லை. ஃபோனில் சொன்னால் அவளையே திட்டுவது போல வந்துவிடும் என்று வைத்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அணியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. டெக்சாஸில் ஓர் அணி. அது போதும்.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அமெரிக்க ஃபுட்பாலில் பந்தைக் காலால் அதிகம் உதைப்பதில்லை, கையால் வீசுகிறார்கள். வீசுகிறவன் குவார்ட்டர்பேக். யாருக்கு வீசலாம் என்று பார்த்து முடிவெடுக்க அவனுக்கு இரண்டு மூன்று வினாடி வேண்டும். அதற்குள் எதிரணிக்காரன் பாய்ந்து வந்து அவனை மடக்க வேண்டும். அந்தப் பாய்ச்சல்தான் பாஸ் ரஷ். நடுவில் அவனைக் காக்க முந்நூறு பவுண்டுக்கு மேல் எடையுள்ள ஆட்கள் சுவர் மாதிரி நிற்பார்கள். ஒன்று, சுவரை இடித்துத் தள்ளிக்கொண்டு போகலாம். அல்லது சுவரின் ஓரத்தைச் சுற்றி ஓடலாம்.

சுற்றி ஓடுகிறவனுக்கு வேகம் மட்டும் இருந்தால் போதாது. மலைப்பாதை வளைவில் பைக் சாய்கிற மாதிரி உடம்பு உள்பக்கமாகச் சாய வேண்டும். தோள் தரையை நோக்கிப் போகும்போது பாதம் தரையில் அப்படியே பதிந்திருக்க வேண்டும். அதற்குக் கணுக்கால் மடிய வேண்டும். கணுக்கால் மடியாதவனுக்குக் குதிகால் எழும்பும். குதிகால் எழும்பினால் வளைவு அகலமாகும். ஓரடி அகலமானாலும் போச்சு, அவன் போய்ச் சேருவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்கும். என் வேலையில் நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயம்தான்.

நான் விளையாட்டுக்காரி இல்லை. கல்யாணமாகி ஜெர்சி சிட்டிக்கு வந்தேன். கணவருக்கு வங்கியில் காண்ட்ராக்ட் வேலை. நான் பிசியோதெரபி லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு அங்கே நியூபோர்ட் பகுதியில் ஒரு சின்ன அபார்ட்மென்டில் கிடந்தேன். பிறகு ஹூஸ்டன். ஆஸ்பத்திரியில் முழங்கால் மாற்றிய கிழவர்களை நடக்க வைத்தேன். அங்கே என் கை வேலையைப் பார்த்த ஒரு டாக்டர் அணிக்குச் சொல்லிவிட்டார். முதல் நாள் அந்தக் கட்டடத்துக்குள் போனபோது ஒரு வீரனின் தொடை என் இடுப்பு அளவு இருந்தது. பயமாக இருந்தது. ஒரு வாரத்தில் பயம் போய்விட்டது. எந்த அளவு தொடையாக இருந்தாலும் வலித்தால் முகம் ஒரே மாதிரிதான் சுளிக்கிறது.

எனக்கு மேலதிகாரி வால்டர். தலைமை டிரெய்னர், அதாவது வீரர்களின் காயங்களைக் கவனிக்கிறவர். லூசியானாக்காரர், மெதுவாகப் பேசுவார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் கெட்ட செய்தி என்று அர்த்தம். அவர் அறையில் யாரும் நின்றுகொண்டு கெட்ட செய்தி கேட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். கோச் யாராவது உள்ளே இருந்தால் வீரனைப் பரிசோதிக்க மாட்டார். “கோச், அஞ்சு நிமிஷம்” என்று கதவைக் காட்டுவார். தலைமைக் கோச்சாக இருந்தாலும் வெளியே போவான்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. “எங்கேயாவது வலிக்குதா?” என்று ஒவ்வொரு வீரனிடமும் மூன்று தடவை கேட்பார். மூட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தடவை, தொட்டுப் பார்க்கும்போது ஒரு தடவை, எல்லாம் முடிந்து அவன் செருப்பை மாட்டும்போது ஒரு தடவை.

ஏன் மூன்று தடவை என்று ஒருநாள் கேட்டேன்.

“முதல் பதில் கோச்சுக்கு. ரெண்டாவது பதில் அவன் பயத்துக்கு. மூணாவதுதான் எனக்கு” என்றார்.

அந்த மனிதரிடம் நான் கற்றுக்கொண்டது எந்தக் கல்லூரியிலும் கிடையாது. அவரே தோற்றதையும் நான் பார்த்தேன்.

டெஸ்மண்ட் வந்தது எந்தச் சத்தமும் இல்லாமல். கல்லூரியிலிருந்து அணிகள் ஆள் எடுக்கும்போது யாரும் அவனை எடுக்கவில்லை. ஒல்லி என்று விட்டுவிட்டார்கள். பிறகு போனால் போகிறது என்று எங்கள் அணி கூப்பிட்டது. போமான்ட் பக்கத்துப் பையன். அம்மா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பேசினால் பேசிக்கொண்டே இருப்பான்.

நான் கணுக்காலைச் சோதிக்கிற முறை சாதாரணமானது. வீரன் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். ஒரு பாதத்தை முன்னால் வைத்து, குதிகால் எழாமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொட வேண்டும். தொட்டால் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து மறுபடியும். எவ்வளவு தள்ளி நின்று தொட முடிகிறதோ, அவ்வளவு கணுக்கால் மடிகிறது. கால் பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவில் என் கைவிரல்களைப் படுக்க வைத்து அளப்பேன். பதிவுக்கு டேப் உண்டு. எனக்குப் புரிவது விரல் கணக்குத்தான்.

“மிஸ் வி, இவ்வளவு பெரிய அணி, உங்களுக்கு ஒரு டேப் வாங்கித் தரலையா?” என்றான் டெஸ்மண்ட் முதல் நாள்.

“வாயை மூடு, குதிகாலைத் தூக்காதே.”

“தூக்கலையே. இன்னும் பின்னால போகவா?”

போனான். பெரும்பாலான வீரர்களுக்கு நாலு விரல், மிஞ்சினால் ஐந்து. அவனுக்கு ஏழு. நான் மண்டியிட்டு இரண்டாவது முறை அளந்தேன். வால்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, “இதை யாரும் தொடாம இருக்கணும்” என்றார். எனக்கு அன்றைக்கு அந்தப் பேச்சு புரியவில்லை.

முதல் சீசனில் எதிரணி பந்து வீசுவது நிச்சயம் என்று தெரிந்த சமயங்களில் மட்டும் அவனை இறக்கினார்கள். ஓரத்தில் அவன் சாய்ந்து திரும்பும்போது எதிரே நிற்கிற மலைக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது, காற்றைத்தான் தள்ளுவான். ஆனால் எதிரணி பந்தை வீசாமல் கையில் வைத்துக்கொண்டு நேராக அவன்மேல் ஓடினால் அவன் பறந்து போய் விழுவான். அதுவும் உண்மை. மறைக்கவில்லை.

அந்த சீசனில் அணி மோசமாகத் தோற்றது. ஜனவரியில் டி.வி.க்காரர்கள் சொன்னதையே மேனேஜரும் சொன்னார். பாஸ் ரஷ்ஷைச் சரிசெய்ய வேண்டும். மீட்டிங்கில் முடிவு வந்தது. முன்வரிசையில் எல்லோரும் கனமாக வேண்டும். டெஸ்மண்ட் கனமானால் எல்லா நேரமும் களத்தில் நிற்கலாம், எல்லா நேரமும் நின்றால் இன்னும் அதிகம் பாயலாம். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வரும்.

உடற்பயிற்சிக் கோச் பிரெட் வேலையை எடுத்துக்கொண்டான். கெட்டவன் இல்லை. உற்சாகக்காரன். எடை பார்க்கும் இடத்தில் ஒரு மாட்டு மணியைக் கட்டினான். வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். எடை ஏறியிருந்தால் மணி அடிப்பான், மற்றவர்கள் இரும்புத் தட்டுகளைத் தட்டுவார்கள். ஏறாதவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்குவான்.

“எங்க ஊர்ல விக்கிறதுக்குச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போற மாட்டுக்குத்தான் மணி கட்டுவாங்க” என்றேன் பிரெட்டிடம்.

சிரித்தான். “நல்லா இருக்கு மிஸ் வி. அதை டி-ஷர்ட்டுல போடலாம்.”

டெஸ்மண்டுக்கு ஒவ்வொரு வெள்ளியும் மணி அடித்தது. நாளெல்லாம் தின்றான். காலையில் முட்டையும் மாட்டிறைச்சியும் மலைபோல. கார் ஓட்டும்போதும் டப்பாவில் சோறு. தோளில் கனத்த கம்பியை வைத்து உட்கார்ந்து எழுந்தான், கெண்டைக்கால் பாறை மாதிரி ஆயிற்று. பார்க்க அழகாக இருந்தான். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆணி அடித்தாலும் இறங்காத உடம்பு.

விரல் ஆறு ஆயிற்று. பிறகு ஐந்து.

கெண்டைக்கால் இறுகினால் கணுக்கால் மடியாது. காலையில் நான் அவன் கெண்டைக்காலை இளக்குவேன். மதியம் பிரெட் இறுக்குவான். மறுநாள் காலை முதலிலிருந்து ஆரம்பிப்பேன். நான் வால்டரிடம் சொன்னேன். வால்டர் மீட்டிங்கில் சொன்னார். திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

“கேட்டுக்கிட்டாங்க” என்றார்.

“கேட்டு?”

“இன்ஜுரியான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். வலியான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். அப்போ அடுத்த விஷயத்துக்குப் போவோம்னாங்க.”

வலியில்லாத கெடுதலுக்கு அந்தக் கட்டடத்தில் பெயர் கிடையாது. வீங்கினால் ஐஸ் வைப்பார்கள். கிழிந்தால் தைப்பார்கள். ஒருவனிடம் இருந்த ஒரே அதிசயம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால், அதற்கு எந்த டாக்டரையும் கூப்பிட முடியாது.

அடுத்த வாரம் திடீரென்று டெஸ்மண்டின் முழங்கால் ஆறு விரல் தூரத்தில் சுவரைத் தொட்டது. எனக்குச் சந்தேகம் வந்தது. பாதத்தின் உள்வளைவுக்கு அடியில் விரலை விட்டேன். விரல் நுழையவில்லை. பாதத்தை வெளியே திருப்பி, உள்வளைவைத் தரையோடு நசுக்கி, முழங்காலைக் கோணலாகக் கொண்டுபோய்ச் சுவரில் இடித்திருக்கிறான்.

“யார்கிட்ட ஏமாத்துற? நேரா வை.”

நேராக வைத்தான். நாலு விரல்.

“டெஸ்மண்ட், நீ ஒல்லியா இருந்தப்பதான் உன்னை யாராலயும் பிடிக்க முடியல. இதை நிறுத்து. சாப்பாட்டைக் குறை. நான் வால்டர்கிட்டப் பேசறேன்.”

அவன் எப்போதும் போலச் சிரிக்கவில்லை. “மிஸ் வி, சின்ன வயசுலேர்ந்து எல்லாரும் ஒல்லி, ஒல்லின்னுதான் என்னைத் தள்ளுனாங்க. இப்பதான் மணி அடிக்கிறாங்க. இந்தக் கட்டடத்துல நான் சின்னதாவே இருக்கணும்னு நினைக்கிற ஒரே ஆள் நீங்கதான்.”

“நீ ஜெயிக்கணும்னு நினைக்கிறேன்டா, மடையா.” மடையா என்பதைத் தமிழில்தான் சொன்னேன். அர்த்தம் கேட்டான். சொன்னேன். அப்போது கொஞ்சம் சிரித்தான். ஆனால் வெள்ளிக்கிழமை போய் மறுபடியும் எடை மேடையில் ஏறி நின்றான், மணி அடித்தது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். இருபது சொச்சம் வயதுப் பையன். ஒரு பக்கம் மொத்த அணியும் தட்டைத் தட்டுகிறது. இன்னொரு பக்கம் ஒரு பொம்பளை மண்டியிட்டு விரலை எண்ணிக்கொண்டிருக்கிறாள். யார் பேச்சைக் கேட்பான்?

ஆகஸ்டில் பயிற்சி முகாம். டெக்சாஸ் ஆகஸ்ட் வெயில் எப்படி இருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் தண்ணீர் டப்பாக்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். டெஸ்மண்ட் நேராக இடித்தபோது எதிரில் நின்றவன் பின்னால் போனான். கோச் கை தட்டினார். எடை வேலை செய்தது. ஆனால் ஓரத்தைச் சுற்றிப் போகும்போது, பழைய டெஸ்மண்ட் உள்ளே சாய்கிற அதே இடத்தில், குதிகால் எழுந்தது. எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. வளைவு அகலமாயிற்று. குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போய் நின்றான். மறுபடியும். மறுபடியும். “உள்ளே வா, உள்ளே வா” என்று கோச் கத்தினார். அவன் வரத்தான் பார்த்தான். கால் வரவிடவில்லை.

நேராக இடிக்க அவனைவிடக் கனமானவர்கள் அணியில் நாலு பேர் இருந்தார்கள். சுற்றிப் போக அவன் ஒருவன்தான் இருந்தான். இப்போது அதற்கும் யாரும் இல்லை.

முகாம் முடிந்ததும் ஆட்களைக் கழிப்பார்கள். டெஸ்மண்டையும் கழித்தார்கள். கழிக்கப்பட்டவன் வெளியே போகும் முன்னால் எங்கள் அறைக்கு வர வேண்டும். உடம்பில் காயமில்லை என்று நாங்கள் சொன்னால்தான் அனுப்ப முடியும். காயமிருந்தால் அப்படியே அனுப்ப முடியாது. காயப் பட்டியலில் வைத்து வைத்தியம் பார்க்க வேண்டும். அதாவது அவன் கட்டடத்துக்குள் இருப்பான். எனக்கு வேண்டியது அதுதான். அவன் உள்ளே இருந்தால் அந்தக் காலை நான் சரிசெய்துவிடுவேன். எனக்குத் தெரியும்.

டெஸ்மண்ட் மேசையில் உட்கார்ந்தான். டீம் டாக்டர் கையில் பேனாவோடு நின்றார். வால்டர் வழக்கம்போல் ஆரம்பித்தார்.

“எங்கேயாவது வலிக்குதா, மகனே?”

“இல்லை சார்.”

தோள், முதுகு, முழங்கால் என்று பார்த்துக் கணுக்காலுக்கு வந்தார். “எங்கேயாவது வலிக்குதா?”

“இல்லை சார்.”

“அந்தக் கணுக்கால் மடியறதில்லை” என்றேன் நான். “போன வருஷம் ஏழு விரல். இப்ப நாலு.”

“வீக்கம் இருக்கா?” என்றார் டாக்டர்.

“இல்லை.”

“பலம்?”

“அதிகமாவே இருக்கு. அதான் பிரச்சினை.”

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “நாலு விரல்னா சராசரிதானே, வசந்தா. சராசரியா இருக்கிறதை நான் காயம்னு எழுத முடியாது.”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். டெஸ்மண்ட் என் பக்கம் திரும்பாமலே தலையை மெதுவாக ஆட்டினான். வேண்டாம் என்று. பக்கத்து ஹாலில் யாரோ மணி மேல் மோதியிருக்க வேண்டும், டணக் என்று ஒரு சத்தம்.

அவன் செருப்பை மாட்டினான். வால்டர் மூன்றாவது முறை கேட்டார். இல்லை என்றான். வால்டர் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

“அவசரமில்லை. நல்லா யோசிச்சுச் சொல்லு. எங்கேயாவது வலிக்குதா?”

அத்தனை வருஷத்தில் அவர் நாலாவது முறை கேட்டதை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

“நாலு தடவை கேட்டுட்டீங்க சார்” என்றான் டெஸ்மண்ட். “நாலு தடவையும் அதே பதில்தான்.”

டாக்டர் எழுதி முடித்துப் போனார். நான் வராந்தாவில் அவன் பின்னாலேயே ஓடினேன்.

“வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அந்த மனுஷன் உனக்காகத்தானே கேட்டார்.”

“தெரியும் மிஸ் வி.” பையைத் தோளில் மாற்றிக்கொண்டான். “ஆனா வலிக்கலையே.”

வேறு அணி கூப்பிடும் என்று காத்திருந்தான். யாரும் கூப்பிடவில்லை. கால் உடைந்து போயிருந்தால் நாலு பேர் கேள்வி கேட்டிருப்பார்கள், ஒரு கூட்டம் போட்டிருப்பார்கள். இங்கே எதுவும் உடையவில்லை. வந்தான், எடை ஏறினான், சரிப்படவில்லை, போனான். அவ்வளவுதான் பேச்சு. பிரெட்டுக்கு அந்த வருஷம் பதவி உயர்வு கூடக் கிடைத்தது.

டெஸ்மண்ட் போமான்ட்டுக்குப் போய் அண்ணனோடு கூரை போடும் வேலையில் சேர்ந்தான். சரிவான கூரைகளில் நாளெல்லாம் குந்தி உட்கார்ந்து ஓடு அடிக்கிற வேலை. இதை அவனே அவ்வப்போது மெசேஜில் சொல்வான். அடுத்த கோடையில் ஒருநாள் ஒரு படம் அனுப்பினான். அவன் அம்மா எடுத்த படம். வீட்டுச் சுவர், வெறும் பாதம், முழங்கால் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, குதிகால் தரையில். பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு கையையும் வைத்து விரல்களை அடுக்கியிருந்தான். ஏழு. முகம் தெரியவில்லை. கால் இளைத்திருந்தது. பாதத்தின் உள்வளைவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நசுக்கவில்லை. நேராக வைத்திருந்தான்.

ஏழெட்டு மாதம் நான் கையால் இளக்கியும் மடியாதது, யாரும் தொடாமல் விட்டதும் கூரைமேல் குந்தியே மடிந்துவிட்டது.

ஃபோனை எடுத்துக்கொண்டு வால்டரிடம் ஓடினேன். அவர் மேனேஜரிடம் போனார். திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்காராமலே தெரிந்துவிட்டது. ஒரு வருஷம் ஆடாதவனை எடுக்க முடியாதாம். தவிர, அந்த இடத்துக்கு அவர்கள் வேறு அணியிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒல்லியான பையன். நன்றாகச் சாய்கிறானாம். டி.வி.யில் புகழ்ந்தார்கள், ஆஃப் சீசனில் பாஸ் ரஷ்ஷைச் சரிசெய்துவிட்டார்கள் என்று. அந்த வருஷம் மாட்டு மணியைக் கழற்றினார்கள். ஏன் கட்டினோம், ஏன் கழற்றினோம் என்று ஒருவரும் பேசவில்லை.

நிவேதா, உன் பிளானில் என்ன எழுதுவாயோ எழுது. எழுதுவதற்கு முன்னால் உன் ஆட்கள் ஒவ்வொருவரிடமும் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று போய்ப் பார். அதில் கை வைக்கிறவன் யாராக இருந்தாலும் சண்டை போடு. நான் போட்டேன். தோற்றேன். அதற்காக நீ போடாமல் இருக்காதே.

டெஸ்மண்டுக்கு அன்று நான் அனுப்பிய பதில் இதுதான்: “உன் விரல் தடிமன். என் விரலால் அளந்தால் ஒன்பது வரும்.”

உடனே பதில் வந்தது. “அப்போ முன்னைவிட நல்லா இருக்கு, இல்லையா மிஸ் வி?”

ஆமாம் என்று எழுதினேன். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.